ஈறும் இதயமும்: குருத்தணுச் சிகிச்சை எதைத் தரும், எதைத் தராது?



வலங்கைமான் வட்டாரத்தாருக்குப் பங்குனி மாதத்தைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொடிய நோயிலிருந்து மீண்டவர்கள் குடமுருட்டியில் நீராடி, பச்சை மூங்கிலால் கட்டிய பாடையில் படுத்து, உறவினர் தோளில் சுமக்கப்பெற்று, மகாமாரியம்மன் கோயிலை வலம் வருகின்றனர். சாவின் வாயிலிலிருந்து திரும்பி வந்தோம் என்பதை ஊரறியச் சொல்லும் நன்றிக்கடன் அது. அவ்வாறு மீண்டு வந்த ஒவ்வொருவர் உள்ளத்திலும் அடுத்து எழும் கேள்வி ஒன்றுண்டு: ‘இந்நோய் மீண்டும் வராதிருக்க என்ன செய்ய வேண்டும்?’

அக்கேள்வியில் நம்பிக்கையும் அச்சமும் கலந்தே இருக்கின்றன. பெரும் பொருள் கேட்கும் புதிய சிகிச்சைகள் இல்லத்திற்குள் நுழைவதும் பெரும்பாலும் அவ்வாயில் வழியாகத்தான். அத்தகைய சிகிச்சைகளுள் ஒன்றை இம்மடலில் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை உழவர், வயது 56. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். சர்க்கரை நோயும் உண்டு. சில மாதங்களாகப் பல் துலக்கும்போது ஈறில் குருதி கசிகிறது. கீழ்வரிசைப் பற்கள் இரண்டு ஆடுகின்றன. வெளிநாட்டில் பணிபுரியும் மகன், ஈறு நோய் இதயத்தைத் தாக்கும் என்று எங்கோ கேள்விப்படுகிறார். ஸ்டெம் செல் செலுத்தினால் ஈறும் வளரும், இதயமும் காக்கப்படும் என்று ஒருவர் அவரிடம் உறுதி கூறுகிறார். நிலத்தை ஒத்திக்கு வைத்தேனும் இதைச் செய்துவிடலாம் என்று மகன் தொலைபேசியில் வற்புறுத்துகிறார். தாய் என்ன சொல்வதென்று அறியாமல் மருத்துவமனைக்கு வந்து எங்களைக் கேட்கிறார்.

அத்தாய்க்கு நாங்கள் கூறக்கூடிய விடையே இக்கட்டுரை.

1. ஈறு நோய் என்பது யாது?

நம் பல் எலும்பில் நேரே பதிந்திருப்பதன்று. பல்லின் வேரைச் சுற்றிச் சிமெண்டம் என்னும் மெல்லிய படிவம் இருக்கிறது. அதற்கும் தாடை எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்கள் ஊஞ்சற் கயிறுகள் போல் பல்லைப் பிடித்து நிற்கின்றன. இவற்றுக்கு மேலே ஈறு ஒரு கழுத்துப்பட்டை போல் பல்லை இறுக அணைத்துக் காக்கிறது.

நாள்தோறும் பல்லின் மேல் நுண்ணுயிரிகள் ஒட்டும் படலமாகப் படிகின்றன. அப்படலத்தை அகற்றாவிட்டால் அது இறுகிக் காரையாகிறது. காரையைப் பல்துலக்கியால் அகற்ற இயலாது. நுண்ணுயிரிகளை எதிர்த்து உடல் போரிடும்போது ஈறு சிவந்து வீங்குகிறது; தொட்டால் குருதி கசிகிறது. இது முதல் நிலை. இந்நிலையில் முறையாகச் சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பும்.

கவனியாது விட்டால் அழற்சி உள்ளே இறங்குகிறது. ஈறு பல்லை விட்டு விலகி, இடையே ஒரு பை உண்டாகிறது. நலமான ஈறில் இவ்விடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். நோயுற்ற ஈறில் 4, 5, 6 மில்லிமீட்டர் என ஆழமாகும். நார்கள் அறுந்து, எலும்பு கரைந்து, பல் ஆடத் தொடங்குகிறது. இதைப் பெரியோடான்டைட்டிஸ் என்று மருத்துவர் அழைப்பர். தமிழில் பல்சூழ் நோய் எனலாம்.

ஆற்றங்கரையில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கரையோரத்து மரம் ஒரே நாளில் சாய்வதில்லை. வேரைச் சுற்றியுள்ள மண்ணை நீர் சிறிது சிறிதாக அரிக்கிறது; மேலே இலை பசுமையாகவே இருக்கிறது. கரை கரைந்த பின்னர்தான் மரம் ஆடுவது நம் கண்ணில் படுகிறது. பல்சூழ் நோயும் பெரும்பாலும் வலியின்றி வளர்வதால், பல் ஆடும் வரை பலரும் மருத்துவரை நாடுவதில்லை. அழிந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதுமில்லை. குருத்தணுச் சிகிச்சை பற்றிய நாட்டம் எழுந்ததற்குக் காரணமே இதுதான்.

புகையிலை பயன்படுத்துவோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். புகைப்பிடிப்போரின் ஈறில் குருதி கசிவது குறைவாகவே தென்படும். அது நலத்தின் அறிகுறியன்று. நோய் தன்னை மறைத்துக்கொள்ளும் முறை. வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து அடக்கிக்கொள்ளும் பழக்கமும் ஈறுக்குத் தீங்கு. வாய்ப்புற்றுக்கும் அதுவே வழி.

2. ஈறிலிருந்து இதயத்திற்கு வழி உண்டா?

உண்டு. இரண்டு வழிகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, இதய வால்வுகளைத் தாக்கும் தொற்று. ஈறு புண்ணாயிருக்கும்போது மெல்லுவதும் பல் துலக்குவதும் கூட நுண்ணுயிரிகளைச் சிறிது நேரம் குருதியில் கலக்கச் செய்யும். நலமான இதயத்தில் அவை விரைவில் அழிக்கப்படுகின்றன. செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், முன்னர் இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்களுக்கும், பிறவியிலேயே சிலவகை இதயக் குறைபாடு உடையவர்களுக்கும் அவை வால்வில் தங்கி உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும். இத்தொடர்பு ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது, மாரடைப்புக்குக் காரணமான குழாய் அடைப்பு. கடுமையான பல்சூழ் நோயில் எல்லாப் பற்களையும் சுற்றியுள்ள புண்ணான பரப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்பது ஒரு மதிப்பீடு. கையில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் நாம் ஒரு நாளும் வாளாவிருக்க மாட்டோம். அப்புண்ணிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குருதியில் ஓயாது கலக்கின்றன. குருதிக் குழாய்களின் உட்சுவர் இதனால் நலிவுறுகிறது என்பது அறிஞர் கருத்து. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்புப் படிவங்களை ஆராய்ந்தபோது, ஈறு நோய் நுண்ணுயிரிகளின் மரபுப் பொருள் அவற்றுள் காணப்பட்டதும் உண்டு.

மக்களிடையே செய்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. 1989-ஆம் ஆண்டு பின்லாந்தில் மாரடைப்பு வந்தோரின் பல்நலம் ஏனையோரினும் தாழ்ந்திருந்ததை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 2016-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், முதன்முறை மாரடைப்பு வந்த 805 பேரும், வராத 805 பேரும் ஒப்பிடப்பட்டனர். முன்னவருள் 43 விழுக்காட்டினருக்கும், பின்னவருள் 33 விழுக்காட்டினருக்கும் பல்சூழ் நோய் இருந்தது. புகைப்பழக்கம், சர்க்கரை முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் ஈறு நோய் உடையோரிடம் மாரடைப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு கூடுதலாகவே காணப்பட்டது.

எனினும், தொடர்பு வேறு, காரணம் வேறு. புகையிலை, சர்க்கரை நோய், வறுமை, ஓய்வின்மை ஆகியவை ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்தது என்று ஆகிவிடாது. 2012-ஆம் ஆண்டு அமெரிக்க இதயக் கழகம் சான்றுகள் அனைத்தையும் ஆராய்ந்து, தொடர்பு உண்மை என்றும், ஈறு நோயே இதய நோய்க்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்றும் அறிவித்தது.

3. ஈறு நோயை ஆற்றினால் இதயம் காக்கப்படுமா?

இவ்வினாவை மூன்று படிகளாகப் பிரித்துக் காண்போம்.

முதற்படி: ஈறு நோயை முறையாக ஆற்றினால் உடலின் அழற்சி குறைகிறதா? குறைகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சர்க்கரை நோயாளர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஈறுச் சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் அவர்களது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. இது மருந்துக்கு மாற்றன்று, மருந்துக்குத் துணை.

இரண்டாம் படி: குருதிக் குழாய்களின் இயக்கம் சீராகிறதா? 2007-இல் இலண்டனில் கடுமையான பல்சூழ் நோயாளர் 120 பேரிடம் நடந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. அவர்களுள் ஒரு பிரிவினருக்கு ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்து தீவிரச் சிகிச்சை அளித்தனர். சிகிச்சையின் மறுநாள் குழாய்களின் விரியும் திறன் சற்றுக் குறைந்தது. ஆறு மாதங்களில் அது தெளிவாக மேம்பட்டது. சிகிச்சையை அடுத்த ஓரிரு நாள்களில் இதய நோயாளர் ஓய்வுடன் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதன் பொருளும் இதனால் விளங்கும்.

மூன்றாம் படி: மாரடைப்பும் அதனால் வரும் இறப்பும் குறைகின்றனவா? இப்படியை இதுவரை எந்த ஆய்வும் உறுதியாகக் கடக்கவில்லை. ஆகவே, ‘ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது’ என்று எவரேனும் உறுதி கூறினால், அது சான்றை மீறிய பேச்சு. இரண்டு படி ஏறியவர் மாடிக்கே வந்துவிட்டதாகச் சொல்லலாகாது.

அதற்காக ஈறு நோயை விட்டுவிடலாமா? கூடாது. பல்லைக் காக்கவும், வலியின்றி உண்ணவும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும், வால்வு நோயாளரின் உயிரைக் காக்கவும் ஈறுச் சிகிச்சை வேண்டும். இதயத்திற்கும் அதனால் நன்மை உண்டாகுமாயின், அது கூடுதல் விளைச்சல்.

4. குருத்தணு என்பது யாது?

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, தன்னைப் போன்ற அணுக்களைப் பெருக்கவும், தேவைக்கேற்ப வேறு வகை அணுவாக மாறவும் வல்லது. இதை நாற்றங்காலில் நிற்கும் நாற்றோடு ஒப்பிடலாம். நாற்று இன்னும் நெற்கதிரன்று. தக்க வயலில், தக்க பருவத்தில் நட்டால் கதிராகும் ஆற்றல் அதனுள் இருக்கிறது.

குருத்தணு மருத்துவம் வெறுங்கனவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் தமிழ்நாட்டிலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்து வருகிறது. அது குருதியாக்கும் குருத்தணுக்களைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சையே. குருதி உறையாமைக் குறைபாடு உடைய ஐவருக்கு, அவர்களது குருத்தணுக்களிலேயே திருத்திய மரபணுவைச் சேர்த்துச் செலுத்தி, குருதிக் கசிவு நின்றதை அக்கல்லூரியினர் 2024 டிசம்பரில் உலகறிய வெளியிட்டனர். குருதி நோய்களில் இவ்வணுக்கள் உயிர் காக்கின்றன. ஆனால் ஒரு நோயில் பயன்பட்டது எல்லா நோயிலும் பயன்படும் என்பதில்லை. குறுவைக்கு ஏற்ற விதை சம்பாவுக்கு ஏற்றதாகி விடாது.

5. ஈறில் குருத்தணு: ஆய்வுகள் கண்டது என்ன?

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆய்வாளர்கள், பிடுங்கிய கடைவாய்ப் பற்களின் வேரைச் சுற்றியுள்ள நார்ப்பகுதியில் குருத்தணுக்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். அவற்றை எலியின் உடலில் வைத்தபோது சிமெண்டத்தையும் நாரையும் ஒத்த திசு உருவாயிற்று. எடுத்தெறியும் ஞானப்பல்லிலிருந்தே மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது.

மனிதரிடம் செய்யும் முறை பின்வருமாறு. நோயாளரின் பயன்படாத பல் ஒன்றைப் பிடுங்கி, அதன் வேர்ப்பகுதி அணுக்களைப் பிரித்தெடுப்பர். தூய்மை மிக்க ஆய்வகத்தில் சில வாரங்கள் வளர்த்து, மெல்லிய தாள் போன்ற படலமாக்குவர். பின்னர் ஈறைத் திறந்து, நோயுற்ற பகுதியைச் சுத்தம் செய்து, எலும்புக் குழியில் எலும்புத் துகளுடன் அப்படலத்தை வைத்து மூடுவர்.

சீனத்தின் சியான் நகரில் 30 நோயாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு எலும்புத் துகளுடன் குருத்தணுப் படலமும், மறு பிரிவினருக்கு எலும்புத் துகள் மட்டும் வைத்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் எலும்பு வளர்ந்திருந்தது. தீய விளைவு ஏதும் தென்படவில்லை. ஆனால் குருத்தணு பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

2018-இல் ஜப்பானின் டோக்கியோ ஆய்வாளர்கள் பத்து நோயாளர்களிடம் அணுப்படலத்தைப் பயன்படுத்தி, அது தீங்கற்றது என்றும் எலும்பு வளர்ந்தது என்றும் தெரிவித்தனர். அவ்வாய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மறு பிரிவு இல்லை. ஆகையால் வளர்ச்சி அணுவால் வந்ததா, அறுவைச் சிகிச்சையாலும் எலும்புத் துகளாலும் வந்ததா என்று அதைக் கொண்டு பிரித்தறிய இயலாது. பிறருடைய பல்லின் உட்கூழிலிருந்து பெற்ற அணுக்களை ஊசி வழியாக ஈறில் செலுத்திப் பார்க்கும் ஆய்வுகளும் சீனத்தில் நடந்து வருகின்றன.

இங்கே நம் வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மேற்கண்ட இரண்டு ஆய்வுகளும் அளந்தவை ஈறுப் பையின் ஆழமும் எலும்பின் உயரமுமே. இதயத்தை அவை அளக்கவில்லை. எனவே, ஈறில் வைக்கும் குருத்தணு இதயத்தைக் காக்கும் என்று சொல்ல அவற்றில் இடமில்லை. ஈறில் நட்ட நாற்று இதயத்தில் விளையும் என்று கூறுவோர், எந்த வயலில் அறுவடையைக் கண்டனர் என்று நாம் கேட்க வேண்டும்.

மற்றொன்று. நீர் வடியாத, களை நீக்காத வயலில் எந்த நாற்றும் அழுகும். காரையும் சீழும் நிறைந்த ஈறில் எவ்வகை அணுவை வைத்தாலும் நிலைக்காது. ஆகவே, குருத்தணு ஆய்விலும் கூட முதற்பணி ஆழ்ந்த சுத்தம் செய்தலே. அச்சுத்தத்தை உங்களூர்ப் பல் மருத்துவரே செய்ய வல்லவர்.

குருதியைச் சுழற்றி எடுக்கும் தட்டணு நார்ப்படலத்தைச் சிலர் ஸ்டெம் செல் என்றே எண்ணி மயங்குகின்றனர். பி.ஆர்.எஃப் எனப்படும் அது வேறு. நோயாளரின் கையிலிருந்து சிறிது குருதியெடுத்து, கருவியில் சுழற்றி, உறைந்த பகுதியை ஈறுக் குழியில் வைப்பது அது. எலும்புத் துகள், தடுப்புச் சவ்வு, பி.ஆர்.எஃப் ஆகியவை தக்க நோயாளருக்கு இன்று பல் மருத்துவர் பயன்படுத்தும் முறைகள். அவற்றைக் குருத்தணுச் சிகிச்சை என்று பெயரிட்டுக் குருத்தணு விலையில் விற்றால், அது நேர்மையன்று.

6. நம் நாட்டு நெறிமுறை கூறுவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து 2017-இல் குருத்தணு ஆராய்ச்சிக்கான தேசிய நெறிமுறைகளை வெளியிட்டன. அவற்றின் சாரம் எளியது. குறிப்பிட்ட குருதி நோய் முதலியவற்றுக்குச் செய்யும் குருதியாக்கக் குருத்தணு மாற்று மட்டுமே அன்று ஏற்கப்பட்ட சிகிச்சை. ஏனையவை அனைத்தும் ஆய்வு நிலையிலுள்ளவை. ஒப்புதல் பெற்ற ஆய்வின் பகுதியாக மட்டுமே அவற்றைச் செய்யலாம். ஆய்வுக்கு உட்படும் நோயாளரிடம் அதற்காகப் பணம் பெறலாகாது. பின்னர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கால் குருதிக்குழாய் அடைப்பு நோய் ஒன்றுக்கு ஓர் அணு மருந்தை ஏற்றுக்கொண்டது; அது ஈறுக்கோ மாரடைப்புக்கோ உரியதன்று.

குழந்தைகளின் பால்பற்களைப் பணம் கட்டிச் சேமித்து வைக்கலாமா என்றும் பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். அதே நெறிமுறைகள் தொப்புள்கொடிக் குருதிச் சேமிப்பை மட்டுமே உரிமத்தின் கீழ் ஏற்கின்றன. பல் முதலிய பிற திசுக்களை வணிக நோக்கில் சேமிப்பதற்கு இசைவில்லை.

7. யாரேனும் இச்சிகிச்சைக்கு அழைத்தால் கேளுங்கள்

பின்வரும் வினாக்களைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கேட்பதற்கு நாண வேண்டியதில்லை. விடை சொல்வது அவர்தம் கடமை.

• இது ஏற்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வெனில், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவெண் யாது? 2009 ஜூன் 15 முதல் மருந்து ஆய்வுகள் அப்பதிவேட்டில் இடம்பெறுவது கட்டாயம்.
• எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்தது?
• என்னிடம் பணம் கேட்பது எதற்காக?
• அணுக்களை எங்கே வளர்க்கிறீர்கள்? அவ்வாய்வகத்துக்கு ஒப்புதல் உண்டா?
• ஒப்புதல் படிவம் தமிழில் உள்ளதா? அதன் படியை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாமா?
• தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு?
• இதே பயனைத் தரக்கூடிய வழக்கமான சிகிச்சை எது?

‘இன்றே முன்பணம் கட்டினால் சலுகை’ என்ற சொல் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவ ஆய்வில் சலுகை விலை என்பதே கிடையாது.

8. இதய நோயாளர் பல் மருத்துவரிடம் செல்லும்போது

• உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டென்ட் பொருத்திய நாள், மாரடைப்பு வந்த நாள் ஆகியவற்றையும் சொல்லுங்கள்.
• ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற குருதி உறைதலைத் தடுக்கும் மாத்திரைகளைப் பல் பிடுங்குவதற்காக நீங்களே நிறுத்தாதீர்கள். அவ்வாறு நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபட்டு உயிருக்கே இடர் நேரலாம். ஈறில் கசியும் குருதியைப் பஞ்சு வைத்து நிறுத்த முடியும். இதயத்தில் உறையும் குருதியை அவ்வாறு கரைக்க முடியாது. இதய மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து முடிவு செய்வார்கள்.
• செயற்கை வால்வு உடையவர்களும், முன்னர் இதயத் தொற்று வந்தவர்களும் பல் சிகிச்சைக்கு முன்னர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். முடக்குக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்தவர்களும் இது குறித்துத் தம் இதய மருத்துவரைக் கேட்டறிக.
• குருதி அழுத்தத்திற்கு அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அதைக் கண்டால் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்று மருந்து உண்டு.
• நடக்கும்போதோ உழைக்கும்போதோ கீழ்த்தாடையில் வலி தோன்றி, ஓய்வெடுத்தால் தணிகிறதா? அது பல்வலியாக இல்லாமல் இதய வலியாக இருக்கலாம். வியர்வையோ மூச்சுத் திணறலோ நெஞ்சழுத்தமோ சேர்ந்து வந்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டு காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

9. இல்லத்தில் அன்றாடம் செய்ய வேண்டியவை

காலையிலும், இரவு படுக்கும் முன்னரும் மென்மையான துலக்கியால் இரண்டு நிமிடம் பல் துலக்குங்கள். இரவுத் துலக்கலே பலர் விட்டுவிடுவது. செங்கற்பொடி, சாம்பல், கரி ஆகியவை பல்லைத் தேய்த்து, ஈறைப் புண்ணாக்கும், அவற்றைத் தவிர்க்க. வேப்பங்குச்சியால் துலக்கும் பெரியவர்கள் அதை நன்கு மென்று தூரிகை போல் மென்மையாக்கிய பின்னரே பயன்படுத்துக. ஆயினும் பற்களின் இடைவெளியைக் குச்சி எட்டாது. அதற்குரிய நூலையோ சிறு துலக்கியையோ பல் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

குருதி கசிகிறதே என்று துலக்குவதை நிறுத்துவோர் பலர். கசிவதனாலேயே மென்மையாகவும் முறையாகவும் துலக்க வேண்டும். ‘பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும்’ என்ற அச்சமும் ஊரில் உண்டு. காரையே அதுவரை ஆடும் பல்லைப் பிடித்து வைத்திருந்ததால், அது நீங்கியதும் ஆட்டம் தெரிகிறது. சுத்தம் செய்ததால் ஆட்டம் பிறக்கவில்லை. பல்சூழ் நோய் ஆறியவர்களும் மருத்துவர் குறித்தபடி, பெரும்பாலும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஈறைக் காட்டி வருதல் வேண்டும்.

படுக்கையிலிருக்கும் முதியோரைப் பேணுவோருக்கு ஒரு சொல். அவர்களால் துலக்க இயலாவிடில், தலையைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியை விரலில் சுற்றி, ஈறையும் நாவையும் நாளுக்கு இருமுறை துடைத்துவிடுங்கள். கழற்றும் பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி நீரில் வையுங்கள். உணவை அவர்கள் மறுத்தால், பசியின்மை என்று முடிவு செய்யும் முன் வாயைத் திறந்து பாருங்கள், புண் இருக்கலாம்.

நிறைவாக

தொடக்கத்தில் கண்ட அத்தாய்க்கு நாங்கள் சொல்வது இதுவே. அம்மா, நிலத்தை ஒத்திக்கு வைக்க வேண்டாம். உங்கள் கணவரின் ஈறு நோய் உண்மையானது. அதை இவ்வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆழ்ந்த சுத்தமும், தேவைப்பட்டால் ஈறு அறுவைச் சிகிச்சையும் செய்தால், நோய் மேலும் பரவாமல் பெரும்பாலும் தடுக்கலாம். ஆடும் இரண்டு பற்களுள் ஒன்று போகவும் கூடும், அதற்கு மாற்றுண்டு. இதயத்தைக் காப்பவை அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளும், கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் குருதி அழுத்தமும், விட்டொழித்த புகையிலையும், மாலை நடையும்தாம்.

உங்கள் மகனின் அன்பு பெரிது. அந்த அன்பைக் குறை கூறாமல், இம்மடலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தந்தைக்காகச் செலவிட எண்ணிய பொருளில் ஒரு சிறு பங்கு போதும். எஞ்சியது நிலமாகவே இருக்கட்டும்.

குருத்தணுவால் ஈறு வளரும் நாள் ஒன்று வரலாம். சான்றுடன் அது வருமானால், இதே மடலில் மகிழ்வுடன் உங்களுக்கு அறிவிப்போம். அதுவரை ஐயம் எழுந்தால் பணம் கட்டும் முன் எங்களை வந்து கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணமில்லை.